உப்பு பார்த்தவள்

ஓட்டல் அடுக்களையில் ஏழு வருடம் வெந்தவர், ஒருநாள் வேலையை உதறிவிட்டு வயலோரத்தில் அடுப்பு மூட்டினார். டிவிக்காரர்கள் மோப்பம் பிடித்து வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் ‘வரப்புச் சமையல்காரர்’. ஓடை, புல், ஈரமண் என்று வாய் ஓயாமல் பேசுவார். ஆறு வருடமாக ஞாயிறு காலை பதினொரு மணி அவருடையது.

உப்பு மட்டும் அவருடையதல்ல. கேமரா ஓடினால் அவருக்கு நாக்கு மரத்துவிடும். கேமரா ஓடைப் பக்கம் திரும்பும்போது மனைவிதான் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்ப்பாள். உப்பு குறைந்தால் இடது காதைத் தொடுவாள், கூடினால் வலது. சரியாக இருந்தால் கொட்டாவி விடுவாள்.

அவள் இறந்து இரண்டு மாதம். இன்றுதான் மறுபடி படப்பிடிப்பு.

“சார், இத வச்சுத்தான் சேனல்ல முடிவு பண்ணுவாங்க. சொதப்புனா நம்ம கடைய மூடிட வேண்டியதுதான்” என்றார் இயக்குநர்.

அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் இன்று படப்பிடிப்பு விளக்கு நின்றது. அவர் பூசணி சூப்பைக் கிண்டினார். ஒரு கரண்டி வாயில் விட்டார். சுட்டது.

“ஆகா! உப்பும் உறைப்பும் கச்சிதம்!”

“கட்!”

எடுத்து முடித்ததும் பானை குழுவுக்கு. எப்போதும்போல் கேமராமேன் முதலில் குடித்தார். முகம் கோணியது.

“மாஸ்டர்... உப்பு போட்டீங்களா?”

உப்புக் கிண்ணம் வைத்தது வைத்தபடி இருந்தது.

“விடுங்க சார். டிவில ருசியா தெரியப்போகுது? உப்பு போடுற மாதிரி ஒரு ஷாட் எடுத்து சொருகிடலாம்” என்றார் இயக்குநர்.

“கேமராவ ஓட விடு” என்றார் சமையல்காரர். கேமராமேன் ஓடவிட்டார்.

“இதுல உப்பு இல்ல. கச்சிதம்னு சொன்னது பொய். இத்தன வருஷமா உப்பு பாத்தது என் வீட்டுக்காரி. அவ போயிட்டா. எனக்கு ஒண்ணும் தெரியல.” கேமராமேனைப் பார்த்தார். “நீ வந்து பாரு.”

“நான் வந்தா கேமராவ யாரு பாக்குறது?”

“அது பாட்டுக்கு ஓடட்டும்.”

இயக்குநர் தலையில் கைவைத்து நின்றார். கட் சொல்லவில்லை.

கேமராமேன் வந்தார். சமையல்காரர் உப்பைத் தூவிக் கிண்டிக் கரண்டியை நீட்டினார். கேமராமேன் குடிக்கும்போது, பழக்கத்தில் சமையல்காரர் அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் ஒரு சிட்டிகை மாஸ்டர்.”

போட்டார். கேமராமேன் மறுபடி குடித்தார்.

“இப்ப சரி.”

சமையல்காரர் தானும் ஒரு கரண்டி குடித்தார். சுட்டது. கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.

“சரியாம்” என்றார்.