குனியாத வகுப்பு

திண்டிவனத்தில் நாற்பது வருடமாக யோகா சொல்லித்தரும் சக்கரபாணி சாரிடம் முதல் நாளே சண்டை போட்டவள் நான்தான். முதுகுவலி என்று போனவளை, குனிந்து கால் கட்டைவிரலைத் தொடச் சொன்னார்.

"காலைலேர்ந்து கொல்லையில குனிஞ்சிக்கினு மல்லாட்டை புடுங்கிட்டு வர்றேன். இங்கயும் வந்து குனியணுமா?" என்று கத்திவிட்டேன்.

சாருக்குக் கோபம் வரவில்லை. "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் விடிந்ததும் மயிலம் பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் நிலக்கடலைக் கொல்லைக்கே வந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் என் பக்கத்தில் நின்று மல்லாட்டை பிடுங்கினார். எழுபத்திரண்டு வயதிலும் நெற்றியால் முழங்காலைத் தொடுகிற மனிதர், மதியம் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தார்.

அதற்கடுத்த நாள் வகுப்பில், "குனிஞ்சி வேலை செய்யறவங்கல்லாம் முன்னாடி வாங்க. உங்களுக்கு இனிமே நிமிர்ற ஆசனம் மட்டும்தான்" என்றார்.

"நாப்பது வருஷப் பாடமாச்சே சார்!" என்று பழைய மாணவர் ஒருவர் பதறினார்.

"நாப்பது வருஷமா முதுகத்தான் பாத்துக்கினு இருந்தேன். அது எங்கேர்ந்து வருதுன்னு நேத்துதான் போய்ப் பாத்தேன்" என்றார் சார்.