நாலு நகத்தில் நிற்கும் உடம்பு

கிளியனூரில் கோவிந்தம்மாள் கை பட்ட மாடு இளைத்ததாகச் சரித்திரம் இல்லை. ஏர் ஓட்டிய காளையோ கன்று போட்ட பசுவோ, அவள் தவிட்டுத் தொட்டியில் ஒரு மாதம் வாய் வைத்தால் விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு.

ஆகவே, கல்யாண ஊர்வலத்துக்கு விடலாம் என்று புருஷன் முருகையன் ஒரு வெள்ளைக் குதிரையை வாங்கி வந்து கட்டியபோது, தீனி விஷயத்தில் யாரையும் யோசனை கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. வெள்ளச்சி என்று பேர் வைத்தாள். விடிந்ததும் ஊறவைத்த கொள்ளு, மத்தியானம் கேப்பைக் கூழ், சாயங்காலம் மல்லாட்டைப் பிண்ணாக்கு, நடுநடுவே காணை ஊரில் வாக்கப்பட்ட தங்கச்சி அனுப்பும் கரும்புக் கொழுந்தாடை. புல்லும் ஒரு கை போட்டாள், அதுவும் கடமைக்கு. புல்லைத் தின்றால் பலம் வருமா என்ன?

வேலையோ, மாதத்துக்கு இரண்டு மூன்று முகூர்த்தம். திண்டிவனத்துக் கல்யாண மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு, பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் அரை மணி நேரம் ஆடி அசைந்து நடந்தால் தீர்ந்தது. மிச்ச நாளெல்லாம் வேப்பமரத்தடியில் நின்று ஈ ஓட்டும். நாலே மாதத்தில் முதுகு நடுவே வாய்க்கால் வெட்டினாற்போலச் சதை பிதுங்கியது. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். முருகையன் மட்டும் ஒருதரம், போதுமே என்று இழுத்தான். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சும்மாவா சொன்னார்கள், கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

ஆவணியில் ஒருநாள் காலை வெள்ளச்சி நகரவில்லை. முன்னங்கால் இரண்டையும் நீட்டிப் போட்டு, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு நின்றது. கோவிந்தம்மாள் குளம்பைத் தொட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியாய்ச் சுட்டது. புருஷனைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

முருகையன் போன் போட்டதும், திண்டிவனத்திலிருந்து மாட்டு டாக்டர் கலைமதி ஸ்கூட்டியில் வந்தாள். ஊசி போட்டுவிட்டு, என்ன தீனி கொடுத்தீர்கள் என்று கேட்டாள். கோவிந்தம்மாள் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அந்தக் கலக்கத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. கலைமதி குதிரையின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அப்புறம், மாட்டுக்கு நாலு அறை வயிறு, இதற்கு ஒன்றுதான், அதுவும் சின்னது என்றாள். தாங்காத தீனி பெருங்குடலுக்கு இறங்கிப் புளித்து, அந்த விஷம் ரத்தத்தோடு குளம்புக்குப் போயிருக்கிறது. சொல்லிவிட்டுக் குனிந்து குளம்பைத் தொட்டுக் காட்டினாள்.

"இது பாதம் இல்லம்மா. ஒத்த வெரலு, அதோட நகம். முந்நூத்தம்பது கிலோ ஒடம்பும் நாலு நகத்துல தொங்கிக்கினு நிக்குது. எலும்புக்கும் நகத்துக்கும் நடுவுல இருக்கற புடி வுட்டுப்போச்சின்னா அப்புறம் இது நிக்கவே நிக்காது."

கோவிந்தம்மாள் குனிந்து பார்த்தாள். நாலு மாதமாகத் தினமும் கழுவிவிட்ட குளம்புதான். இத்தனை பெரிய உடம்பை நாலே நகத்தில் நிறுத்தியவன் யாரோ என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. அந்தப் பிடியைத் தளர்த்தியது தன் கைதான் என்பது பிறகுதான் உறைத்தது.

கொள்ளு, கூழ், பிண்ணாக்கு, கொழுந்தாடை எதுவும் கூடாது என்றாள் கலைமதி. காய்ந்த புல்லைத் தராசில் நிறுத்து, தண்ணீரில் ஊறவைத்து வடித்து, நாளைக்கு ஏழு கிலோ, அதையும் ஐந்து வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். நக்க உப்புக்கட்டி, காலடியில் மணல், குளம்புக்குப் பச்சைத்தண்ணீர். பத்து நாளில் தானாக நடந்தால் பிழைத்தது. நடக்காவிட்டால் என்ன என்பதை அவள் சொல்லாமல் பையை மூடினாள்.

"வெறும் புல்லா டாக்டரம்மா? பட்டினி போட்டு சாவடிச்ச பாவம் எனுக்கு வேணாம்."

"புல்லுதாம்மா அதுக்குச் சோறு. நீங்க போட்டதெல்லாம் பாயசம்."

சொல்லிவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை எடுத்து கோவிந்தம்மாள் காதில் மாட்டி, மறுமுனையை வெள்ளச்சியின் விலாவுக்குக் கீழே வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ தூரத்தில் இடி உருண்டது. போர் செட்டுத் தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, புல் அவற்றுக்குத்தான், அவை ஆக்கிப் போடுவதைத்தான் குதிரை சாப்பிடுகிறது என்றாள் கலைமதி. கோவிந்தம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பது வருஷமாக எத்தனை வயிற்றை ரொப்பியிருக்கிறாள், ஒன்றையாவது காது கொடுத்துக் கேட்டதுண்டா? ஊரே குடியிருக்கிற இடத்தில் கேட்காமல் பிண்ணாக்கைக் கொட்டியிருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

புல் போடுவது பெரிய காரியமில்லை. மற்றதைப் போடாமல் இருப்பதுதான் பேஜாராக இருந்தது. மாட்டுக்கொட்டகையில் வாளிச் சத்தம் கேட்டால் போதும், வெள்ளச்சி கழுத்தை நீட்டிக் கனைக்கும். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் ஒரு பிடி கொள்ளை முந்தானையில் மறைத்துக்கொண்டு மரத்தடி வரைக்கும் போய்விட்டாள். குளம்பு கண்ணில் பட்டது. அப்படியே திரும்பி வந்து கோழிக்கு இறைத்தாள். அன்றிலிருந்து மாட்டுத் தீனியை முருகையன் தலையில் கட்டிவிட்டு, குதிரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காலுக்குத் தண்ணீர் ஊற்றினாள். இந்த வாயில்லா ஜீவன் வாளியைத்தான் அறியும், வாளி இல்லாத தன்னை எதற்குச் சீந்தப்போகிறது என்ற ஆற்றாமையும் அவளுக்கு இருந்தது.

எட்டாம் நாள் குளம்பில் சூடு இறங்கியது. பத்தாம் நாள் காலை, டாக்டர் சொன்னபடி கயிற்றை அவிழ்த்துவிட்டு, எட்டப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை.

வெள்ளச்சி முன்னங்காலைத் தூக்கி மணலில் வைத்தது. கொஞ்சம் நின்றது. அடுத்த காலை வைத்தது. ஊறவைத்த புல் இடப்பக்கம் இருந்தது, அதைத் தாண்டி நடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கோவிந்தம்மாள் எண்ணினாள். பதினாலு எட்டு. நேராக அவள் முன்னால் வந்து நின்றது.

"கையில ஒண்ணும் இல்லடி," என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

வெள்ளச்சி அந்த வெறுங்கையை முகர்ந்து பார்த்தது. பார்த்த பிறகும் போகவில்லை. அவள் உள்ளங்கையில் மூக்கை வைத்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தது.