எட்டாவது ஆள்

கலைப் பட்டம் வாங்கி என்ன கிழிக்கப்போகிறாய் என்று என்னைக் கேட்காத ஆள் இந்த ஊரில் இல்லை. கோழி ஆலையில் எலும்பு எடுக்கிறவளுக்குக் கிரேக்க நாடகம் எதற்கு, தத்துவம் எதற்கு என்று என் கணவர் ராய்ஸின் அக்கா தேவாலய வாசலில் வைத்தே கேட்டாள். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். இரண்டு வருடப் படிப்பை வேலைக்குப் போய்க்கொண்டே ஆறு வருடம் இழுத்துப் படித்தவள் நான். கணக்கில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினேன். பாக்கி இருந்தது ஒரே பாடம், மேடைப்பேச்சு.

அதையும் கம்ப்யூட்டரில்தான் படித்தேன். கடைசிப் பரீட்சைக்கு நம் பேச்சை நாமே வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். எதிரே எட்டுப் பேர் இருந்து கேட்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை கேமராவைத் திருப்பி எட்டு முகத்தையும் காட்ட வேண்டும். நடுவில் நிறுத்தவோ வெட்டி ஒட்டவோ கூடாது. ராய்ஸ் வீட்டார் வருகிறோம் என்று சத்தியம் செய்துவிட்டு, டிவியில் கார் பந்தயம் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்துப் பேசி அனுப்பினேன். கேட்கிறவர்கள் பதினெட்டு வயது தாண்டியவர்களாக இருக்க வேண்டும் என்ற விதியை நான் படிக்கவே இல்லை. வியாழக்கிழமை இரவு பேராசிரியை ப்ரூயிட் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் மதியம் இரண்டு மணிக்குள் புது வீடியோ வராவிட்டால் பாடம் போச்சு, பட்டமும் போச்சு.

மதியம் இரண்டு மணிக்கு நான் ஆலையில் கத்தியோடு நிற்பேன். ஆகவே சாப்பாட்டு வேளைதான் கதி. காலையிலேயே கோழி நகர்ந்து வரும் இயந்திர வரிசையில் நின்றபடி எட்டுப் பேரிடம் சொல்லிவைத்தேன். பேசி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள். என் பக்கத்தில் நிற்கும் ஓடெல், பன்றிக்கறி போட்ட பீன்ஸைக் கூடப் பிறகு தின்கிறேன் என்றார்.

சாப்பாட்டு அறையில் காரச் சாஸ் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்தேன். தலையில் வலைத்தொப்பியோடு எட்டு முகங்களையும் காட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தேன். எங்கள் அரைமணி ஓய்வு எப்போது தொடங்குகிறது என்பதுதான் நான் எடுத்த விஷயம். வரிசை நின்றதுமே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். கையுறை, ஏப்ரன், பூட்ஸ் எல்லாவற்றையும் கழற்றிக் கைகழுவி உட்காருவதற்குள் பாதிச் சாப்பாட்டு நேரம் போய்விடும். கழுவி முடித்த பிறகுதான் ஓய்வைக் கணக்கிட வேண்டும் என்றேன்.

அப்போதுதான் கார்லண்ட் வந்து நின்றான். எங்கள் சூப்பர்வைசர். காலையில் இயந்திரம் நின்ற நேரத்தை ஈடுகட்ட வேண்டுமாம், உடனே எல்லோரும் எழுந்து வர வேண்டுமாம். ஓய்வு முடிய இன்னும் நேரம் இருந்தது. ஓடெல் மட்டும் தட்டோடு எழுந்தார். அவருக்கு இன்னொரு கரும்புள்ளி விழுந்தால் வேலை போய்விடும். என் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் முடிவில் காட்ட எட்டு முகம் வேண்டுமே. ஏழு பேர்தான் மிச்சம், பேச்சை நிறுத்தவும் வழியில்லை.

நிறுத்தினால்தானே! அவன் பக்கம் கையை நீட்டினேன்.

"பாத்தீங்களா? நான் சொல்றதுக்குச் சாட்சி தானாவே வந்து நிக்குது," என்றேன்.

வாயை மூடிக்கொண்டு போகிறவனா கார்லண்ட்? கையைக் கட்டிக்கொண்டு, கழற்றி மாட்ட இரண்டு நிமிடம் போதும் என்று வாதாடினான். பூட்ஸைக் கழற்றிக் காட்டு, நான் நேரம் பார்க்கிறேன் என்றேன். ஏழு பேரும் சிரித்தார்கள். அவன் முகம் சிவந்ததே தவிர, நகரவில்லை. நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்து, நன்றி சொல்லி, போனை எடுத்து ஒவ்வொரு முகமாகக் காட்டினேன். ஏழாவது முகம் முடிந்ததும் நேரே அவன் முகத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"என்னை எதுக்குப் புடிக்கிற?"

"இவ்வளவு நேரம் நின்னு கேட்டேல்ல? பதினெட்டு வயசு தாண்டிருச்சுல்ல உனக்கு?"

அங்கேயே அனுப்பிவிட்டேன். என் பெயரில் ஒரு கரும்புள்ளி வைத்தான். வைத்துக்கொள்ளட்டும்.

திங்கட்கிழமை காலை, தலை எண்ணிக்கை சரி, தேறிவிட்டாய் என்று ப்ரூயிட் எழுதியிருந்தார். விஷயம் வரிசை முழுக்கப் பரவியது. ஓடெல் கோழி ரத்தக் கையோடு என் தோளைத் தட்டினார். கடைசியாக கார்லண்ட் வந்தான்.

"இதால சம்பளம் ஏறுமா, புரொபசரம்மா?"

"ஏறாது."

"ஆபீஸ்ல வேலை போட்டுக் குடுப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் எதுக்குடி ஆறு வருசம்?"

கத்தியை மேசையில் வைத்தேன். பக்கத்தில் நின்றவர்களும் காதடைப்பானை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"என் கை, முதுகு, முட்டி எல்லாம் இந்த ஆலைக்கு உதவுது, கார்லண்ட். என்கிட்ட இருக்கறதுல ஆலைக்கு எதுக்கும் உதவாதது இது ஒண்ணுதான். அதான் விடல."