சாவி வேண்டாம்

பெட்டியின் கால்மாட்டை வண்டிக்குள் தள்ளப் போன பிர்க்கெட்டின் மணிக்கட்டைச் செல்வின் பிடித்துக்கொண்டார்.

“வண்டியில வேண்டாம்,” என்றார்.

பிர்க்கெட் முப்பது வருஷமாக இந்தப் பள்ளத்தாக்கில் இறந்தவர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். கடைசி நிமிஷத்தில் யாராவது எதையாவது கேட்பது அவருக்குப் பழக்கம்தான். மூடிய பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், மோதிரத்தைக் கழற்றச் சொல்வார்கள், ஒருமுறை நாயை உள்ளே விட்டு மோந்து பார்க்க வைத்தார்கள். வண்டியே வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.

“அப்புறம் எப்படிப் போறது? ரெண்டு மணிக்கு ஆராதனை. பாதிரியம்மா காத்துக்கிட்டிருப்பாங்க.”

“தோள்ல. பெட்டிப் பாதை வழியா.”

வாசலில் கறுப்புக் கோட்டுகளோடு நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எதிர்வீட்டு ஜெஸ்ஸி மட்டும் கையில் பன்றிக்கறி வெட்டிய கத்தியோடு வெளியே வந்து, செல்வினைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். துக்கத்துக்கு வந்தவர்களுக்கான சாண்ட்விச் வேலை அவளுடையது.

“இதை நீயா சொல்ற?” என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் தப்பு இல்லை. மூன்று வருஷமாகத் தன் அக்கா இதே வாசலில் நின்று கையெழுத்துக் கேட்டபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனவர் அவர்தான்.

ஓவர்கில் என்ற அந்த ஊரில் பதினோரு வீடுகள். கோயில் கிடையாது. கெல்பெக் கோயிலுக்குக் கார் போகும் சாலை மலையைச் சுற்றிக்கொண்டு ஆறு மைல் போகும். வயல்களின் குறுக்கே நடந்தால் இரண்டே மைல். எத்தனையோ தலைமுறையாக ஓவர்கில்காரர்கள் செத்தவர்களை அந்த வழியில்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அதுதான் பெட்டிப் பாதை. பாதி தூரத்தில், தோள் மாற்றிக்கொள்ள ஒரு தட்டைப் பாறை கிடக்கிறது. நம் சுமைதாங்கிக் கல் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒருதரம் பிணம் போன வழியை அப்புறம் எந்த ராஜா வந்தாலும் அடைக்க முடியாது என்று அந்தப் பக்கத்து அடுப்படிகளில் எல்லாம் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வக்கீல் ஒருவர் வின்னியிடம் முகத்துக்கு நேரே சொல்லி, சிரிக்கவும் சிரித்தார்.

செல்வினின் அக்கா வின்னி என்ற வினிஃப்ரெட்தான் பெட்டிக்குள் இருந்தவள். எழுபத்தெட்டு வயது. முப்பத்தொரு வருஷம் தபால் பையைச் சுமந்துகொண்டு அந்தப் பாதையில் தினம் போய்வந்தவள். நான்கு வருஷத்துக்கு முன் டென்ஹாம் என்பவர் நடுவிலிருந்த பண்ணையை வாங்கி, வாயிற்கதவில் சங்கிலி போட்டுப் பூட்டினார். சுவரை ஏறிக் கடக்கிற படிக்கற்களின் மேல் முள்கம்பி சுற்றினார். வின்னி கத்தவில்லை. பஸ் பிடித்து நகரத்து நூலகத்துக்குப் போய் உண்மையான சட்டம் என்ன என்று படித்துவிட்டு வந்தாள். ஜனங்கள் இருபது வருஷம் நடந்த பாதை ஜனங்களுடையது. ஆனால் உடைக்காமல் நடந்திருக்க வேண்டும், ஒளியாமல் நடந்திருக்க வேண்டும், யாரிடமும் கேட்காமல் நடந்திருக்க வேண்டும்.

இந்த மூன்றையும் விரலை மடக்கி மடக்கி ஊருக்கே பாடம் பண்ணி வைத்தாள். பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் உட்கார்ந்தாள். யார் வைக்கோல் வயலுக்குச் சூடாகச் சாப்பாடு கொண்டுபோனார்கள், யார் லாந்தர் பிடித்துப் பள்ளிக்கூடம் போனார்கள், யார் நாற்பத்தேழாம் வருஷத்துப் பெரும்பனியில் தாத்தாவின் பெட்டியைச் சறுக்குப் பலகையில் கட்டி இழுத்தார்கள். எல்லாம் எழுதினாள். நாற்பத்தொரு பேரிடம் படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்கி, பாதையைப் பதிவு பண்ணச் சொல்லிக் கவுன்சிலுக்கு அனுப்பினாள்.

விசாரிக்க வந்த அதிகாரி மரியாதையான இளம்பெண். வின்னியின் படிவத்தை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். யூனிஃபார்ம் போட்டுத் தபால் கொடுக்க நடந்தது வேலை, அது கணக்கில் சேராது என்று தன்மையாகச் சொன்னாள். வின்னி அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. மற்றவர்களில் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போய் வெகுகாலம் ஆனவர்கள். விடாமல் நடந்த ஒரு ஆளின் சாட்சி இருந்தால் நல்லது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்படி ஒரே ஆள்தான் இருந்தார். செல்வின். அவர் குடியிருந்த வீடு பண்ணையைச் சேர்ந்தது. டென்ஹாம்தான் வீட்டுக்காரர். ஒவ்வொரு மார்ச்சிலும் ஒப்பந்தத்தில் புதிதாகக் கையெழுத்து.

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் வின்னி தலையணைக்கு அடியிலிருந்து வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்தாள். நான்காக மடித்திருந்தது. மேலே அவர் பெயரை அவளே எழுதியிருந்தாள்.

“நாற்பத்தொண்ணு இருக்குடா தம்பி. உன்னுது வந்தா நாற்பத்திரண்டு.”

“வீடு போயிடும் வின்னி. மியூரியல் இருந்த வீடு.” மியூரியல் அவர் மனைவி, இப்போது கெல்பெக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் இருப்பவள்.

வின்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியே ஆரஞ்சு உரித்துத் தரச் சொன்னாள். அவர் உரித்தார். வெள்ளை நாரெல்லாம் எடுத்துச் சுளைசுளையாகத் தட்டில் வைத்தார். அவள் இரண்டு சுளை தின்றாள்.

“வேலைக்காக நடந்தது கணக்குல வராதாம்,” என்றாள் பிறகு. “செத்தப்புறம் எனக்கு ஒரு வேலையும் கிடையாது, இல்ல? அப்ப என்னை அந்த வழியா கூட்டிட்டுப் போ.”

மறுநாள் காலையில் அவர் போய்ச் சேர்வதற்குள் கட்டிலை மடித்துச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். தட்டு மட்டும் மேஜையில் இருந்தது.

“சட்டத்துல அதுக்கு இடம் இல்ல, செல்வின்,” வாசலில் பிர்க்கெட் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “பெட்டியைக் கொண்டுபோனா பாதை உங்களுது ஆயிடாது.”

“தெரியும். அவளுக்கும் தெரியும்.”

“என் ஆளுங்க சுவர்ல ஏறி விழுந்தா இன்ஷூரன்ஸ்காரன் என்னைத் தின்னுடுவான்.”

“அப்ப உன் ஆளுங்க ரோட்டுலயே வரட்டும்,” என்று ஜெஸ்ஸி கத்தியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு ஏப்ரனை அவிழ்த்தாள். “நான் ஒரு பக்கம். டாமி, நீ வா. ஐவ்சன் பசங்க ரெண்டு பேரும் வாங்க. செல்வினோட அஞ்சு. ஆறாவது யாரு?”

பிர்க்கெட் தன் உயரத் தொப்பியைக் கழற்றி வண்டியின் முன்சீட்டில் வைத்தார். கதவைச் சாத்தி, டிரைவரைப் போகச் சொன்னார்.

“வலது பக்கம் எனக்கு,” என்றார். “இடது தோள் எனக்கு ஆகாது.”

முதல் வயலில் பேச்சில்லை. ஈரப்புல், பூட்ஸ் சத்தம், பின்னால் இருபது பேரின் மூச்சு. இரண்டாவது வயலில் பஸ் டிரைவர் டாமி, பெட்டி இவ்வளவு லேசாக இருக்கிறதே, ஆளை உள்ளே வைத்தீர்களா என்று பிர்க்கெட்டிடம் கேட்டான். கிறிஸ்துமஸ் வாரத்தில் அவள் தூக்கின பார்சலில் பாதி கனம்கூட இது இல்லை என்றாள் ஜெஸ்ஸி. சிரிக்கலாமா என்று தெரியாமல் ஐவ்சன் பையன்கள் செல்வினைப் பார்த்தார்கள். செல்வின் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தார். பெரும்பனியில் எட்டு வயதுப் பையனாக இதே வழியில் வின்னியின் கோட்டு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவள் திரும்பியே பார்க்கவில்லை. ஆனால் அவர் தடுக்கியபோதெல்லாம் அவள் நடையும் மெதுவானது.

பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் டென்ஹாம் நின்றிருந்தார். யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும். வயல் வண்டியின் இஞ்சினை அணைத்துவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. பனிக்காலத்தில் தன் டிராக்டரை அனுப்பி எல்லார் வாசலையும் சுத்தம் பண்ணிக் கொடுத்தவர். முற்றத்து வழியே அந்நியர் நடமாடினால் அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே திறந்து வெச்சிருப்பேன்,” என்றார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, கதவுக் கம்பிகளுக்கு நடுவே நீட்டினார். “போங்க. இன்னைக்கு நான் அனுமதி தர்றேன்.”

சாவியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பெட்டியின் விளிம்பு செல்வினின் கழுத்தெலும்பில் அழுந்திக்கொண்டிருந்தது. அவருக்கு எழுபத்துமூன்று வயது. இரண்டு விரலால் அந்தச் சாவியை வாங்கினால் போதும். கதவு திறக்கும், வின்னி கேட்ட வழியில் வின்னி போவாள், வீடும் இருக்கும். யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

கேட்காமல் நடந்திருக்க வேண்டும். மூன்றாவது விரல்.

“சாவி வேண்டாம்,” என்றார்.

டென்ஹாமுக்குப் புரியவில்லை. “திறந்துக்கோங்கன்னுதானே சொல்றேன். வேண்டாம்னா என்ன அர்த்தம்?”

“வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தம்,” என்றாள் ஜெஸ்ஸி.

“நீங்க விட்டு நாங்க போனா, அது உங்க வழி,” செல்வின் மெதுவாகச் சொன்னார். “நாங்க கேட்டதில்ல. எங்கப்பா கேட்டதில்ல. இன்னைக்கு அவளுக்காக நான் கேட்டா, அவ பெட்டிக்குள்ளேயே எழுந்து உட்கார்ந்துடுவா.”

டாமி வாயிற்கதவையே பார்த்தான். கீல் பக்கம் இரண்டு பேர் நெம்பினால் சங்கிலியோடு கழன்று வந்துவிடும் என்று முணுமுணுத்தான். செல்வின் தலையை ஆட்டினார். அது உடைப்பது. அவர் கதவுக்கு இடப்பக்கச் சுவரைக் காட்டினார். மார்பு உயரம், காரை இல்லாமல் அடுக்கிய கற்சுவர்.

“மேல தூக்கிக் கொடுப்போம். ஒரு கல்லும் சரியக் கூடாது.”

ஐவ்சன் பையன்கள் முதலில் ஏறி அந்தப் பக்கம் குதித்தார்கள். ஜெஸ்ஸி தன் கறுப்புப் பாவாடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஆம்பளைங்க எல்லாம் வானத்தைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஏறினாள். பின்னால் வந்தவர்கள் கை கொடுத்தார்கள். பெட்டி சுவருக்கு மேலே எழும்பி, ஒரு கணம் எல்லார் கைகளிலும் நின்று, யார் தொப்பியிலும் படாமல் அந்தப் பக்கத்துக் கைகளுக்குப் போனது. உச்சிக்கல் ஒன்று ஆடியது. செல்வின் அதை அமர்த்தி வைத்து, கையால் அசைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகே தானும் ஏறினார். பிர்க்கெட் கால்சட்டை கிழிகிற சத்தத்தோடு கடைசியாக வந்து சேர்ந்தார்.

டென்ஹாம் தடுக்கவில்லை. பெட்டி கடக்கும்போது தலையைக்கூடக் குனிந்தார். செல்வின் பக்கத்தில் வந்தபோது மட்டும் சொன்னார்: “மார்ச் மாசம் வருது, செல்வின்.”

“வருஷா வருஷம் வருது,” என்றார் செல்வின்.

தட்டைப் பாறைக்கு வரும்போது அவர் முகம் வெளுத்துவிட்டது. பிர்க்கெட் அதைக் கவனித்து, எல்லாரும் இளைப்பாறலாம் என்றார். பெட்டியைப் பாறைமேல் இறக்கினார்கள். நல்ல அளவு. இதற்காகவே கிடந்த கல்லாயிற்றே. ஜெஸ்ஸி பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தாள். மெல்லத் தூறல் பிடித்தது.

செல்வின் டீயை ஒரே மடக்கில் குடித்தார். கோட்டின் உள்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து, பெட்டியின் மேலேயே விரித்தார். பேனா இருக்கிறதா என்று பிர்க்கெட்டிடம் கேட்டார். பின்னால் நின்றவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஜெஸ்ஸி மட்டும் குடையை விரித்து, தாளுக்கு மேலே பிடித்தாள். தன் தலை நனைவதை அவள் பார்க்கவில்லை.

படிவத்தில் முதல் கேள்வி, எத்தனை வருஷமாக நடக்கிறீர்கள்? அறுபத்தெட்டு. எதற்காக? பள்ளிக்கூடம், என்று எழுதினார். பிளாக்பெர்ரி பறிக்க. சனிக்கிழமை நடனம். மியூரியல். பூட்டிய பிறகும் நடந்தீர்களா? ஞாயிறுதோறும், பட்டப்பகலில், சுவர் ஏறி, கோயில் கல்லறைத் தோட்டத்துக்கு. யாரிடமாவது அனுமதி கேட்டதுண்டா? இல்லை என்பதை அவர் அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்து, பெட்டியின் பாலிஷில் ஒரு கீறல் விழுந்தது. பிர்க்கெட் அதைப் பார்த்தார், இருமினார்.

கையெழுத்துப் போட்டார்.

“இன்னொரு கேள்வி பாக்கி இருக்கே,” என்றாள் ஜெஸ்ஸி. குனிந்து வாசித்தாள். “கடைசியா இந்தப் பாதையில் நடந்தது எப்போன்னு.”

“அங்க போய்ச் சேர்ந்துட்டு எழுதுறேன்.”

தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். கெல்பெக் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. வயதுக்கு ஒன்றாக எழுபத்தெட்டு அடிக்க வேண்டும், நேரம் இருந்தது. செல்வின் குனிந்து, தன் பக்கத்துக் கைப்பிடிக்கு அடியில் தோளைக் கொடுத்தார்.

“தூக்குங்க.”

அவர்கள் போன பிறகு பாறையில் பெட்டியின் அளவுக்கு ஓர் இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. தூறல் அதன் ஓரங்களிலிருந்து ஒவ்வொரு புள்ளியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.