கப்பல் போன மதியம் இம்கேயை நான் கொன்றது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையின் முதல் வரைவில் என் பக்கத்து வீட்டு இம்கேயைக் கொன்றுவிட்டேன். மாரடைப்பு. அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. பேக்கரியில் என் பக்கத்தில் நின்று வருஷக்கணக்காக ரொட்டி விற்றவள். கதைக்கு ஒரு சாவு வேண்டியிருந்தது, கைக்கெட்டும் தூரத்தில் அவள் இருந்தாள், அவ்வளவுதான்.

உண்மையில் கதை அவளிடமிருந்து தொடங்கவில்லை, அவள் கணவர் ஓக்கோவிடமிருந்துதான் தொடங்கியது. ஆற்றின் மேல்பக்கத்துக் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு புது உல்லாசக் கப்பலுக்கு முதல் இரும்புத் தகடு வெட்டும் நாளிலிருந்து ஓக்கோ அதன் பின்னாலேயே அலைவார். அடிப்பாகத்துக்குக் கீழே காசு வைக்கும் சடங்கு, கொட்டகைக்குள் தண்ணீர் விட்டு மிதக்க வைக்கும் நாள், புகைபோக்கி ஏற்றும் நாள் என்று எல்லாவற்றையும் படம்பிடித்து இணையத்தில் நேரலையாக விடுவார். ஜப்பானிலும் பிரேசிலிலும்கூட அதைப் பார்க்கும் ஆட்கள் உண்டு. கடைசியில், கப்பலுக்கு ஆழம் போதாது என்று, கீழே அணைக்கட்டை மூடி எங்கள் ஊர் எம்ஸ் ஆற்றை நிரப்புவார்கள். கப்பல் எங்கள் மாடுகளுக்கு நடுவே ஊர்ந்து கடலுக்குப் போகும். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அதைப் பார்த்தேன். ஆற்றுக்கரை மேட்டுக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. கையிலிருந்த ஈரத் துணியைச் சேற்றில் போட்டுவிட்டேன்.

அந்த அதிர்ச்சியைத்தான் எழுத உட்கார்ந்தேன். இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

"அன்று காற்று வடமேற்கிலிருந்து—"

(வேண்டாம். இந்த ஊர்க்காரர்கள் எதைச் சொன்னாலும் காற்றில்தான் தொடங்குவார்கள்.)

"ஓக்கோ ஒரு நாளும் எந்த உல்லாசக் கப்பலிலும் ஏறியதில்லை, ஏனென்றால்—"

ஏனென்று அவரையே கேட்டேன். "அதுல ஏறிட்டா அதைப் பார்க்க முடியாதே, பூரணி!" என்றார். இதைவிட நல்ல வரி எனக்குக் கிடைக்காது. ஆனால் இது வேடிக்கை, கதை இல்லை. ஆகவே இம்கே சாக வேண்டியதாயிற்று.

2

அந்த வரைவிலிருந்து ஒரு பகுதியை அடிக்காமல் தருகிறேன்:

"பாலம் தூக்கப்பட்டிருந்தது. கப்பல் கடக்கும்வரை ஆம்புலன்ஸ் அக்கரையில் நின்றது. ஓக்கோவும் அக்கரையில்தான் இருந்தார், கேமராவோடு. கப்பலின் முன்முனை பாலத்துக்குள் நுழைந்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. இக்கரையில், சமையலறைத் தரையில், இம்கே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். பாலம் இறங்கி அவர் வீட்டுக்கு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஓக்கோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார்."

(ஆற்றுக்கு அடியில், பாலத்துக்குக் கொஞ்ச தூரத்திலேயே, நெடுஞ்சாலைச் சுரங்கம் ஒன்று போகிறது. தினமும் போகிற வழிதான். கதைக்கு இடைஞ்சலாக இருந்ததால் அதை விட்டுவிட்டேன். எழுதுகிறவர்கள் இப்படித்தான்.)

3

பெயரை மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் இம்கே, "எங்களைப் பத்தி ஏதோ எழுதுறியாமே, வந்து சொல்லு" என்று தேநீருக்குக் கூப்பிட்டுவிட்டாள். தமிழில் எழுதியதை அவர்கள் பாஷையில் வரிவரியாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஓக்கோதான் ஊற்றினார். கோப்பையில் போட்டிருந்த கற்கண்டு தேநீர்ச் சூட்டில் வெடிக்கும் சத்தம் கேட்டது.*

* இங்கே மூன்று கோப்பைக்கு முன் போதும் என்பது வழக்கமில்லை. போதும் என்றால் வாயால் சொல்ல மாட்டார்கள், கரண்டியைக் கோப்பைக்குள் வைப்பார்கள். கரண்டி வைத்த கோப்பையில் யாரும் ஊற்ற மாட்டார்கள். இன்னொன்று: இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லி நீ, வா, போ என்றுதான் பேசுவோம். ஓக்கோவை அப்படித் தமிழில் எழுத எனக்குத்தான் கை வரவில்லை.

வாசித்து முடித்ததும் ஓக்கோ தலையில் கை வைத்தார்.

"ஐயோ பூரணி, எவ்வளவு பெரிய தப்பு பண்ணி வச்சிருக்கே!"

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"முன்முனை எப்படிப் பாலத்துக்குள்ள முதல்ல வரும்? கப்பல் இங்க பின்பக்கமாத்தானே போகும்! இழுத்துப் பிடிச்சு ஓட்ட அதுதான் தோது. மாடு மேய்க்கிறவனைக் கேட்டாக்கூடச் சொல்வான்."

"ஓக்கோ, அதுல நான் செத்துப்போயிட்டேன்" என்றாள் இம்கே.

"அதுவும் தப்புதான். சுரங்கம் இருக்குல்ல? ஆம்புலன்ஸ்காரன் பாலத்துக்காகக் காத்துக்கிட்டு நிப்பானா? சுரங்கத்துல புகுந்து வந்துடுவான். நீ சாகவே மாட்டே."

"அப்பாடா, பொழச்சேன்!" என்று இம்கே சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோய், மிச்சத்தைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

"அப்போ நீயும் சுரங்கத்துல வந்திருக்கலாமே, ஓக்கோ?"

அவர் யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார்.

"வந்திருக்கலாம்தான். ஆனா அந்த நேரம் கப்பல் பாலத்துக்குள்ள நுழையுதே, இம்கே. ரெண்டு பக்கமும் கையகலம்தான் இடம். அதைப் பார்க்கத்தானே உலகமே உட்கார்ந்திருக்கு."

மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். குத்திக்காட்டியிருந்தால், கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கதையில் அவர் வராததற்குப் பாலம் காரணமாக இருந்தது. சுரங்கத்தைக் காட்டி அந்தக் காரணத்தை அவரே எடுத்துப்போட்டுவிட்டார், அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

இம்கே கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள். அதுதான் முதல் கோப்பை. ஓக்கோ பானையை எடுத்து, அந்தக் கரண்டியின் மேலேயே மறுபடி ஊற்றினார். கப்பல் திருப்பத்தில் எப்படிச் சாயும் என்று எனக்கு விளக்கிக்கொண்டே ஊற்றினார். இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

4

வாசல்வரை வந்த இம்கே என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உனக்கு யார் சொன்னது?"

"எதை?"

"நடிக்காதே, பூரணி. என் நெஞ்சு விஷயத்தை."

வாசகரே, நான் கற்பனை பண்ணித்தான் எழுதினேன். சத்தியமாக. வேறு எந்த நோயையாவது எழுதியிருக்கக் கூடாதா? படியில் வழுக்கி விழுந்தாள் என்று எழுதியிருக்கக் கூடாதா? இதய வால்வு ஒன்று பழுதாம். வியாழக்கிழமை ஓல்டன்பர்க் ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறக்கப்போகிறார்களாம். ஓக்கோவிடம் இன்னும் சொல்லவில்லையாம்.

"ஏண்டி சொல்லலை?"

"திங்கட்கிழமை கப்பல் போயிடும். செவ்வாய்க்கிழமை சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஒன்றரை வருஷமா அது பின்னாடி அலைஞ்சிருக்காரு, அந்தச் சந்தோஷத்தை ஏன் கெடுக்கணும்?"

தன் நெஞ்சைக்கூட அவள் கப்பலுக்குப் பின்னால் வரிசையில் நிறுத்தியிருந்தாள். வேலிக் கதவைத் திறந்துவிட்டவள், சாதாரணமாகக் கேட்டாள்:

"உன் கதையில அவர் அழுதாருல்ல? எதை வேணா மாத்து, அதை மட்டும் அடிக்காதே."

5

திங்கட்கிழமை கப்பல் போகவில்லை. காற்று கூடிவிட்டது. (காற்றை வேண்டாமென்று முதலில் தள்ளியவள் நான்தான்!) கப்பலின் பக்கவாட்டுச் சுவர் அவ்வளவு உயரம், கொஞ்சம் காற்று அடித்தாலும் கரையில் கொண்டுபோய் ஒதுக்கிவிடும். பயணத்தை வியாழக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை இம்கே அவரிடம் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே ஓக்கோ என் வீட்டுக்கு வந்தார்.

இந்த இடத்தில் அவரை வில்லனாக்கிவிட எனக்குக் கை பரபரக்கிறது. சுலபமான வேலை. ஆனால் புயலில் என் கூரை ஓடு பறந்தபோது, கூப்பிடாமலேயே ஏணியோடு வந்து நின்ற மனிதர் அவர். அன்று தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"பூரணி, அந்தக் கதையை மாத்திடு."

"எப்படி?"

"நான் கேமராவைப் போட்டுட்டு ஓடி வந்தேன்னு எழுது. சுரங்கம் வழியா. அவ சாகறதுக்கு முன்னாடியே வந்துட்டேன்னு. இம்கேகிட்ட அதை வாசிச்சுக் காட்டு."

"வியாழக்கிழமை அவகூடப் போறீங்கதானே?"

அவர் தரையைப் பார்த்தார்.

"அங்க போய் நான் என்ன பண்ணப்போறேன்? வெளிய நாற்காலியில உட்கார்ந்திருப்பேன். டாக்டருக்குக் கத்தி எடுத்துக் குடுக்கவா போறேன்? இங்க எத்தனை பேரு என்னை நம்பி... கப்பல் போனதும் நேரா வந்துடுவேன். நீ எழுது. கதையிலயாவது ஒழுங்கா இருந்துக்கறேனே."

இப்படி ஒரு கோரிக்கையை நான் கேட்டதில்லை. பெரிய அக்கிரமமாகவும் பட்டது, குழந்தை கேட்பதுபோலவும் இருந்தது. கதைகள் மனிதர்களை நல்லவர்களாக்கும் என்று மேடையேறிப் பேசுகிறவர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். நல்லவர்களாக இருக்கும் தொல்லையிலிருந்தும் அவை நம்மைக் காப்பாற்றிவிடும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நான் ஒரு பத்தி எழுதினால் போதும். அவர் அதில் ஓடி வந்துவிடுவார். வியாழக்கிழமை நிம்மதியாகக் கரைமேட்டில் நிற்பார்.

6

முடிவுகளை எழுதிப் பார்க்காமல் இல்லை.

ஒன்று: ஓக்கோ காரில் ஏறுகிறார். வழியெல்லாம் இருவரும் பேசவில்லை, அவள் கையை அவர்—

(அடித்துவிட்டேன். நன்றாக வந்தது, அதனால்தான்.)

இரண்டு: ஓக்கோ கரைமேட்டில் நிற்கிறார். கப்பல் பாலத்துக்குள் நுழைகிறது. அவருடைய போன் அடிக்கிறது. திரையில் ஆஸ்பத்திரியின்—

(இதையும் அடித்துவிட்டேன். அவளை ஒரு தடவை கொன்றது போதும்.)

இனி நடந்ததை மட்டும் சொல்கிறேன். வியாழக்கிழமை காலை. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. கரைமேட்டில் அதற்குள் மடக்கு நாற்காலிகள் வந்துவிட்டன, மீன் வைத்த ரொட்டி விற்கும் வண்டியும் வந்துவிட்டது. யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள். நான்தான் கார் ஓட்டுவதாக ஏற்பாடு. இம்கே முன்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கோட்டைப் பின்சீட்டில் போடத் திறந்த பின்கதவு, திறந்தபடியே இருந்தது. ஓக்கோ தோளில் கேமரா முக்காலியோடு வேலி ஓரத்தில் நின்றார். அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"எழுதிட்டியா?"

"இல்லை."

"ஒரு வரிகூடவா?"

"ஒரு வரிகூட எழுதலை, ஓக்கோ. எழுதவும் மாட்டேன்."

கடைசியில் அவர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்லப்போவதில்லை. அவர் வந்திருந்தால் என் வரி அவருக்குத் தேவையில்லை. வராமல் போயிருந்தால், நான் என்ன எழுதினாலும் அதற்குள் புகுந்து ஒளிந்துகொள்வார். உங்களில் யாருக்காவது அவரை நன்றாகத் தெரியும் என்று தோன்றினால், மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவர் கண்ணில் மட்டும் காட்டாதீர்கள்.

நான் சாவியைத் திருகினேன். அவர் அசையவில்லை. முக்காலியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். மேட்டிலிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இம்கே பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல், கண்ணாடிக்கு வெளியே சாலையைப் பார்த்தபடி சொன்னாள்:

"குளிருது. அந்தக் கதவைச் சாத்து, ஓக்கோ. உள்ள வந்து சாத்தினாலும் சரி, வெளிய நின்னு சாத்தினாலும் சரி."