வெயிலில் நிறுத்திய கார்

முன்கண்ணாடியை மறைத்திருந்த வெள்ளித் தாளை எடுத்து நான்காக மடித்துப் பின்சீட்டுக்கு அடியில் தள்ளினாள் புஷ்பவல்லி. மணி ஒன்பதேகால். சுபாங் ஜெயா தொழிற்பேட்டையில் அந்நேரத்துக்கே தார்த்தரை சூடேறத் தொடங்கியிருந்தது. கூரை போட்ட நிறுத்துமிடம் இருபதடி தள்ளிக் காலியாகத்தான் கிடந்தது. நான்கு கண்ணாடிகளையும் இடைவெளி இல்லாமல் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாவியைப் பையில் போட்டபோது, எதிரே தேத்தாரே டீப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்த கன்னையாவைக் கண்டாள். கார் உள்பாகங்கள் செய்யும் அவர்கள் கம்பெனியின் லோரியை ஓட்டுபவர். ஓய்வுக்கு இன்னும் ஓராண்டுதான்.

"ஏம்மா, கூரை சும்மா கெடக்கு, இங்க கொண்டாந்து போடுற? மத்தியானம் உள்ள முட்டைய வெச்சா வெந்துரும்."

"அங்க லோரி வரும்னு சொன்னாங்கண்ணே."

"எந்த லோரி? நான்தானே டிரைவரு, எனக்குத் தெரியாத லோரியா?"

"அப்ப தப்பா சொல்லிட்டாங்க போல. பரவால்ல, இருக்கட்டும்."

"கஸ்டமரு வேர்த்து ஊத்திக்கிட்டு எறங்குனா என்னைக் கேக்காத லா" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

பொய் இவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது. நாற்பத்து மூன்று வயதுவரை யாரையும் கெடுக்க நினைத்ததில்லை என்று தன்னைப் பற்றி நம்பியிருந்தாள். மாலையில் தொலைக்காட்சித் தொடரில் ஒருத்தி இன்னொருத்தியின் குடும்பத்தைக் குலைக்கத் திட்டம் போடுவதைப் பார்த்து, இதற்கெல்லாம் எப்படி நேரம் கிடைக்கிறது என்று கணவன் சின்னையாவிடம் சிரித்திருக்கிறாள். நேரம் ஒன்றும் தேவையில்லை என்று இப்போது தெரிந்தது. ஒரு காரை இருபதடி தள்ளி நிறுத்தினால் போதும். மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும்.

அந்தச் சோதனைக் காரின் இரு முன்சீட்டுகளுக்கும் நடுவே இருந்த கைத்தாங்கி அவளுடையது. அவளுடையது என்று சொல்ல அவளிடம் ஒரு தாள் கூடக் கிடையாது என்பதுதான் கதை. கிள்ளானிலிருந்து சுபாங் ஜெயாவுக்கு ஃபெடரல் ஹைவேயில் பதினாறு ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறாள். நான்கடி பதினொரு அங்குலம். கால் பெடலை எட்டவேண்டுமென்றால் சீட்டை முழுக்க முன்னால் இழுக்கவேண்டும். இழுத்தால் கைத்தாங்கி முதுகுக்குப் பின்னால் போய்விடும். நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம் இடது கை அந்தரத்தில் தொங்கும். ஒருநாள் பழைய துவாலை ஒன்றை இறுக்கிச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, நடுப்பெட்டியின்மேல் வைத்துப் பார்த்தாள். முழங்கை உட்கார்ந்தது. சின்னையா ஓட்டும் நாளில் அதைப் பின்னால் தள்ளிவிடுவான். அவள் ஏறியதும் முன்னால் இழுத்துக்கொள்வாள். அந்த இழுப்பும் தள்ளலும்தான் ஒருநாள் காகிதத்தில் கோடாக விழுந்தது. அடியில் இரண்டு ரெயில், ஒன்றில் வரிசையாகப் பல், பல்லில் விழுந்து பூட்டிக்கொள்ளும் ஒரு கொக்கி, கொக்கியை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங், முன்னால் ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் நகரும், விட்டால் நிற்கும். எத்தனை பல், எவ்வளவு இடைவெளி என்று கண்டுபிடிக்க, அலுவலகத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியையும் சீட்டில் உட்காரவைத்து முழங்கை எங்கே விழுகிறது என்று அளந்தாள். எட்டு மாதம் ஆயிற்று.

லோகன் அப்போது அவளுடைய டிராயிங் பிரிவுக்கு மேனேஜராகி ஓராண்டு. இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் ஆறடி உயரம். முதல் மாதிரியைப் பார்த்ததும், "என்ன புஷ்பா, கார்ல சோபா செட் போடுறியா?" என்று கேட்டு அறையையே சிரிக்கவைத்தவன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியவில்லை. அவனுடையதை அல்ல, தன்னுடையதை.

கைத்தாங்கியை வாங்கவிருந்த கார் கம்பெனிக்கு அது பிடித்துப்போனது. நான்கு மாதத்துக்கு முன் ஒரு காலையில், டிராயிங் எண்களைச் சரிபார்க்கச் சொல்லி காப்புரிமை விண்ணப்பத்தின் நகல் அவளுக்கு வந்தது. 'கண்டுபிடித்தவர்' என்ற கட்டத்தில் ஐந்து வரிகள். முதல் வரியில் லோகநாதன் த/பெ இராமலிங்கம். மற்ற நான்கும் காலி. அந்தக் காலி வரிகளைத்தான் அவள் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் அறைக்குப் போய்க் கேட்டாள். "என் பேரு இல்லையே, லோகன்."

"அது சும்மா ஃபார்மாலிட்டி லா. டிப்பார்ட்மென்டுக்கு ஒரு பேரு. அது நான் போட்டா என்ன, நீ போட்டா என்ன? டீம்தானே நாம?" அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மேசை விளிம்பில் மோதிர விரலால் டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருந்தான். சிவப்புக் கல் வைத்த தடித்த மோதிரம். எங்கே உட்கார்ந்தாலும் எதையாவது தட்டிக்கொண்டிருப்பான். "நீ டிராயிங்கைப் பாரு. ஒன்ன மாதிரி யாரும் போட முடியாது."

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. பொருத்துவதற்குச் சுலபம் என்று சொல்லி லோகன் எஃகு ஸ்பிரிங்கை மாற்றி பிளாஸ்டிக் பட்டை போடச் சொல்லியிருந்தான். எஃகு ஸ்பிரிங் இருந்தபோது செய்த சூட்டுச் சோதனையின் அறிக்கையே போதும், மறுபடி வேண்டாம் என்று கையெழுத்தும் போட்டுவிட்டான். புஷ்பவல்லிக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு மாதிரியைத் தன் காரில் பொருத்தி, மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு, ஓட்டிப் பார்த்தாள். வேகத்தடைக்கு முன் பிரேக்கை மிதித்ததும், பொத்தானை யாரும் தொடாமலே, இளகிப்போன பட்டை கொக்கியை விட்டுவிட, கைத்தாங்கி முழங்கையின் பாரத்தோடு முன்னால் ஓடியது. அந்நேரம் அவள் ஆட்காட்டி விரல் முன்னால் இருந்த போன் வைக்கும் குழியில் இருந்தது. ரெயிலின் முனையில் இன்னும் மூடி போடவில்லை. எஃகு விளிம்பு நகத்துக்குக் கீழே இறங்கியது. நகம் கறுத்து விழ இரண்டு மாதம் ஆயிற்று. கார்க் கதவில் மாட்டிக்கொண்டது என்று வீட்டில் சொன்னாள்.

அன்றே மின்னஞ்சல் எழுதினாள். வெப்பநிலை, நகர்ந்த தூரம், கட்டுப்போட்ட விரலின் படம் எல்லாம் சேர்த்து எட்டு வரி. அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாசித்தாள். வாசித்தபோது, இதை அனுப்பினால் லோகன் ஸ்பிரிங்கை மாற்றுவான், கைத்தாங்கி நன்றாக வேலை செய்யும், பாராட்டும் அவனுக்கே போகும் என்று புரிந்தது. மூடிவிட்டாள். அதன்பின் நான்கு மாதமாக அந்த மின்னஞ்சல் அனுப்பப்படாமலே இருந்தது. மனம் தளரும் நாட்களில் அதைத் திறந்து வாசிப்பாள். வாசித்தால் உடம்பில் ஒரு தெம்பு ஏறும். சாமி படத்துக்கு முன் நின்றால்கூடச் சமீபத்தில் அப்படி ஏறியதில்லை என்பதை நினைத்து ஒருநாள் பயந்தும் போனாள்.

ரோட்டில் ஓடும் கார்களுக்கு இந்தக் கைத்தாங்கி போய்விடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள். முன்பின் தெரியாதவர்களின் விரல் நசுங்குவது அவள் திட்டத்தில் இல்லை. கார் கம்பெனியின் ஆள் வந்து கடைசியாக ஓட்டிப் பார்க்கும் நாள் ஒன்று உண்டு. அன்று, அவர்கள் கண்முன்னால், லோகனின் முழங்கைக்கு அடியில் அது ஓடவேண்டும். அவ்வளவுதான். கையெழுத்து யாருடையது என்று பிறகு தாளைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

அந்த நாள் இன்று.

பன்னிரண்டரைக்கு, கார் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஃபர்ஹானாவை அழைத்துக்கொண்டு லோகன் வெளியே வந்தான். அவளுக்கு முப்பது வயதிருக்கும். சுங்கை பூலோவில் வளர்ந்த தமிழ் முஸ்லிம் பெண். தலைத்துணியின் நிறத்திலேயே காலணி. புஷ்பவல்லியைவிட ஓரங்குலம் குள்ளமாக இருக்கலாம். கார்க் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது.

"அல்லா, அடுப்பு மாதிரி இருக்கே" என்று ஃபர்ஹானா சிரித்தாள்.

லோகன் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அறிவிருக்கா? கூரைக்குக் கீழ போடத் தெரியாதா?" என்றான்.

"வெயில்ல நிக்காத காரு எங்க இருக்கு, லோகன்?" என்றாள் புஷ்பவல்லி. அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். இதற்குமுன் அவள் அப்படிப் பேசியதில்லை.

முதல் சுற்றுக்கு லோகன் ஓட்டினான். ஃபர்ஹானா அவனுக்கு இடப்பக்கம். புஷ்பவல்லி பின்சீட்டில், மடியில் குறிப்புத் தாளோடு. ஏர்கண்டிஷனை முழுக்கத் திருப்பியும் சீட்டுத்தோல் தொடையைச் சுட்டது. தொழிற்சாலையைச் சுற்றிப் போகும் பாதை, லோரி ஏற்றும் மேடையிலிருந்து சரிவாக இறங்கி, ஒரு வேகத்தடையில் முடியும். லோகனின் முழங்கை கைத்தாங்கியில் அமர்ந்திருந்தது. இன்னும் அரை நிமிடம். அவளுக்குள் ஏதோ துள்ளியது. சின்ன வயதில் ராட்டினம் உச்சிக்குப் போகும்போது வயிற்றில் எழும் அதே துள்ளல்.

அப்போது ஃபர்ஹானா தன் போனைக் குழியில் வைத்தாள். வைத்தவள் கையை எடுக்கவில்லை. திரையில் எதையோ நகர்த்திக்கொண்டே, நான்கு விரலும் இன்னும் மூடி போடாத ரெயில் முனைக்கு நேரே இருக்க, லோகனிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். நகத்தில் மருதாணியின் மிச்சம் பிறை போல இருந்தது.

புஷ்பவல்லியின் வாய் திறந்தது. கையை எடுங்க என்ற இரண்டு சொல். சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். எப்படித் தெரியும், எப்போதிருந்து தெரியும் என்று கேட்பார்கள். காரின் மூக்கு சரிவில் இறங்கியது. அவள் முன்னால் குனிந்து, கைத்தாங்கியின் பின்விளிம்பை இடது கையால் பற்றி, பலம் முழுவதையும் திரட்டி இழுத்துப் பிடித்தாள். லோகன் பிரேக்கை மிதித்தான். கொக்கி பல்லை விட்டு எழும்பியதை உள்ளங்கையில் உணர்ந்தாள். கைத்தாங்கி முன்னால் போகத் துடித்தது. தோள்பட்டை வரை வலித்தது. கார் வேகத்தடையில் ஏறி இறங்கியது. கொக்கி மறுபடி விழுந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

"சாலிட்" என்றாள் ஃபர்ஹானா. "அசையவே இல்லையே."

கண்ணாடியில் லோகன் புஷ்பவல்லியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவள் சுட்டுச் சிவந்த உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள். நான்கு மாதம் அடைகாத்ததை, அவளே, தன் கையாலேயே, அவனுக்கு வெற்றியாக ஆக்கிக் கொடுத்திருந்தாள். அழுகை வந்தது. அது போகட்டும் என்று சன்னல் வழியே வெளியே பார்த்தாள்.

மேடையருகே கார் நின்றது. ஃபர்ஹானா பொத்தானை அழுத்தி, கைத்தாங்கியை ஒரு பல் முன்னால் இழுத்து, முழங்கையை வைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "நான் ஓட்டுன ஒரு கார்லயும் என் கைக்கு எட்டுனதே இல்ல, தெரியுமா? இது குள்ளச்சிங்க படுற பாட்டை அறிஞ்ச யாரோதான் செஞ்சிருக்கணும். யாரு ஐடியா இது?"

பின்சீட்டில் புஷ்பவல்லி லோகனின் பிடரியையே பார்த்தாள். ஒரே ஒரு பெயர். அதை அவன் சொல்லிவிட்டால் போதும், இந்த நிமிடமே எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தாள்.

"என் வைஃப்" என்றான் லோகன். "அவங்க ரொம்பக் குள்ளம். டவலைச் சுருட்டி வெச்சுக்கிட்டு ஓட்டுவாங்க, பாவம். அதைப் பார்த்துதான் எனக்குத் தோணுச்சு."

"சோ ஸ்வீட்!"

லோகனின் மனைவி குமுதா ஐந்தடி எட்டு அங்குலம். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் தீபாவளி விருந்துக்குப் போனபோது, மேல்தட்டிலிருந்து முறுக்கு டின்னை நாற்காலி இல்லாமல் எடுத்தவள். அந்தத் துவாலை பச்சை நிறம். ஓரத்தில் மஞ்சள் கோடு. இன்றும் புஷ்பவல்லியின் கார் பின்பெட்டியில் கிடக்கிறது. வடிவத்தை எடுத்துக்கொண்டான், பெயரை எடுத்துக்கொண்டான், அதெல்லாம் அலுவலகத்தோடு போயிற்று என்று நினைத்திருந்தாள். நெரிசலில் அவள் தனியாக உட்கார்ந்திருந்த அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்குள்ளும் அவன் நுழைந்து பார்த்திருக்கிறான். அழுகை நின்றுவிட்டது. உள்ளே எல்லாம் சட்டென்று நிதானமாயிற்று.

"செகண்ட் ரவுண்ட் நான் ஓட்டுறேன்" என்றாள் ஃபர்ஹானா. "நீங்க இந்தப் பக்கம் வாங்க, லோகன். பேசஞ்சர் எப்படி ஃபீல் பண்றாங்கன்னு சொல்லணும். அக்கா, நீங்க ரெக்கார்ட் எழுதிக்குங்க."

இருவரும் இடம் மாறினார்கள். ஃபர்ஹானா சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்தாள். போனை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். குழி காலியாயிற்று. லோகன் உட்கார்ந்து, காலை நீட்டி, வலது முழங்கையைக் கைத்தாங்கியில் முழுப் பாரத்தோடு சாய்த்தான். கை தானாகக் குழிக்குள் இறங்கியது. டொக். டொக். மோதிரம் குழியின் அடியைத் தட்டத் தொடங்கியது.

புஷ்பவல்லியின் இடது கை கைத்தாங்கியின் பின்விளிம்பில் இருந்தது. எப்போது அங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. கார் நகர்ந்து வேகம் பிடித்தது. மடியிலிருந்த தாள் ஏர்கண்டிஷன் காற்றில் படபடத்து, சரிந்து விழப் பார்த்தது.

"எழுதுறீங்களாக்கா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள் ஃபர்ஹானா.

"எழுதுறேன்மா."

எழுதவேண்டுமானால் ஒரு கையால் தாளைப் பிடிக்கவேண்டும். இடது கையை எடுத்துத் தாளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் சுற்று என்று எழுதினாள். நேரத்தை எழுதினாள். அடுத்த கட்டம் 'பயன்படுத்துபவர்'. மேடை முடிந்து சரிவு தொடங்கியது. கீழே வேகத்தடையின் மஞ்சளும் கறுப்பும் வெயிலில் நெளிந்தன. அவள் அவசரப்படவில்லை. சுருக்கமாக எழுதவும் இல்லை. அந்த விண்ணப்பத்தில் இருந்தது போலவே, முதல் வரியில், முழுதாக, லோகநாதன் த/பெ என்று எழுதி, ஒரு நொடி பேனாவைத் தூக்கிப் பிடித்தாள். முன்னால் மோதிரம் தட்டிக்கொண்டிருந்தது. இராமலிங்கம் என்று எழுதத் தொடங்கினாள்.