'இரவல் முகம்' படத்தின் கடைசிக் காட்சி

'இருட்டு டைரக்டர்' என்று பெயர் வாங்கியவரின் ஒன்பது படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று ரசிகர் மன்றம் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. எல்லாம் பேயும் பிசாசும் வேற்றுக்கிரகமும் கலந்து கட்டிய படங்கள். வெளிவந்த காலத்தில் ஒரு வாரம் ஓடினால் பெரிய சமாசாரம். முப்பது வருஷம் கழித்து, அப்போது பிறந்தே இராத பிள்ளைகள் அவற்றைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். 'பல்லில்லாத நிலா' மூன்றாவதாக வந்தது. 'ஏழாம் மாடி ஈரம்' இரண்டாவது. முதலிடம் 'இரவல் முகம்'. மற்ற எட்டுப் படங்களின் வாக்குகளையும் கூட்டினாலும் அதற்குக் கிட்டே வரவில்லை.

செய்தியைக் கேட்டதும் கத்திரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கத்திரியம்மா என்பது தொழிலால் ஒட்டிக்கொண்ட பெயர். அந்த ஒன்பது படங்களுக்கும் எடிட்டர் அவள்தான். எட்டுப் படங்களை டைரக்டர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வெட்டினாள். ஒன்றை மட்டும் யாரும் சொல்லாமல் வெட்டினாள். அந்த ஒன்றுதான் இது.

நடந்தது இதுதான். பாதிப் படம் எடுத்திருந்தபோது, வேற்றுக்கிரகப் பிராணியின் ரப்பர் உடை சரியில்லை என்று டைரக்டர் தயாரிப்பாளரோடு சண்டை போட்டார். கோபித்துக்கொண்டு மலைப்பக்கம் போனவர் இரண்டு மாதம் திரும்பவில்லை. தயாரிப்பாளர் பிலிம் பெட்டிகளைக் கொண்டுவந்து அவள் அறையில் இறக்கினார். "இருக்கிறதை வெச்சு எப்படியாவது முடிச்சுக் குடும்மா" என்றார்.

பிராணி இல்லை, பாதிக் கதை இல்லை, முடிவு இல்லை. இருந்ததெல்லாம் குப்பை. டைரக்டர் 'கட்' சொன்ன பிறகும் கேமரா ஓடிய சில விநாடிகள், விளக்கு சரியாகும்வரை கதாநாயகி சும்மா நின்ற நேரங்கள். எடிட்டர்கள் கூடையில் எறிகிற துண்டுகள். கத்திரியம்மா அந்தக் கூடையைத்தான் கிளறினாள். நடிப்பை நிறுத்தியதும் அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று வேறு யாருடைய முகமாகவோ ஆகிவிடுவதைக் கண்டாள். மனிதர்களின் முகத்தை வேற்றுக்கிரகத்தவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதானே கதை? பிராணி எதற்கு, ரப்பர் எதற்கு? நடித்த முகம் மனுஷி, நடிக்காத முகம் வேற்றாள் என்று வைத்து, நாற்பது நாளில் படத்தை முடித்துக் கொடுத்தாள். இன்றைக்கு ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, 'அந்த வெறுமையான பார்வை' என்று, அது மத்தியானச் சாப்பாடு எப்போது வரும் என்று காத்திருந்த ஒரு நடிகையின் பார்வை.

டைட்டிலில் டைரக்டர் பெயர் பெரிதாகவே இருந்தது. அவர் திரும்பி வந்ததும் அந்தப் படம் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தையும் ரசிகர்கள் பெரிய ஞானமாக எடுத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் கத்திரியம்மா உலகத்துக்குச் சொல்ல ஆசைப்பட்டதில்லை. ஒரே ஒருத்திக்குப் புரிந்தால் போதும் என்றிருந்தாள். அவள் மகள். இன்றைக்குப் பல் டாக்டர், அந்த நாற்பது நாளில் மூன்று வயதுக் குழந்தை. பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டுவிட்டு விடிந்ததும் போய், குழந்தை தூங்கிய பிறகு வந்த நாட்கள் அவை. கடைசி நாள் எடிட்டிங் அறைக்கு போன் வந்தது, ஜுரத்தில் குழந்தைக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது என்று. பிரிண்ட் போடும் லேப் ஆள் கடைசி ரீலுக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தான். இன்னும் ஒரு ஷாட்தான் பாக்கி, ஒட்டிவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்தாள். அந்தப் பத்து நிமிஷத்தை மகள் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது எதிரே அத்தை முகம்தான் இருந்தது என்று இப்போதும் சொல்லிக்காட்டுவாள்.

"அது நான் எடுத்த படம், கண்ணு" என்று ஒருமுறை சொன்னபோது, "ஒட்டுற வேலைக்கு இவ்வளவு பெருமையா" என்று கேட்டுவிட்டு மகள் எழுந்து போனாள்.

ஆகவே முதலிடம் வந்த படத்துக்கு மன்றம் எடுத்த விழாவுக்கு அழைப்பு வந்ததும் கத்திரியம்மா மகளைத்தான் கெஞ்சினாள். மகள் முணுமுணுத்துக்கொண்டே பிற்பகல் நோயாளிகளைத் தள்ளிவைத்துவிட்டு, காரில் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அரங்க வாசலில் ஒரு பெண் கண் மை பென்சிலோடு நின்று, உள்ளே போகிற எல்லோருக்கும் வலது கன்னத்தில் ஒரு மச்சம் வைத்துக்கொண்டிருந்தாள். படத்தின் கதாநாயகிக்கு இடது கன்னத்தில் மச்சம். கடைசிக் காட்சியில், ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்த்து அவள் நிற்கும்போது, மச்சம் வலது கன்னத்தில் இருக்கும். அவள் அவள் இல்லை என்று அந்த ஒரு மச்சம் காட்டிக்கொடுக்கும், அத்தோடு படம் முடியும். மன்றத்தின் கொடியே அதுதான். முந்நூறு பேரின் வலது கன்னங்களில் முந்நூறு மச்சங்கள்.

அந்த மச்சம் எப்படி இடம் மாறியது என்று கத்திரியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். பிலிமில் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் படம் பதிகிற மருந்து. உதட்டில் வைத்தால் மருந்துப் பக்கம் ஒட்டும். எந்த எடிட்டரும் ஒட்டுவதற்கு முன் உதட்டில் வைத்துப் பார்ப்பார். அந்த போனுக்குப் பிறகு அவள் பார்க்கவில்லை. அந்த ஒரு ஷாட்டைப் பக்கம் மாற்றி ஒட்டிவிட்டு ஓடினாள். இடது வலதானது. தியேட்டரில் பார்த்தபோதுதான் தெரிந்தது. தொழிலில் அவள் செய்த ஒரே கேவலமான தப்பு. இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

"வலது கன்னத்தைக் காட்டுங்கம்மா" என்றாள் வாசல் பெண். காட்டினாள். மகளும் சிரித்துக்கொண்டே காட்டினாள்.

மகளை மூன்றாம் வரிசையில் உட்காரவைத்துவிட்டு நிமிர்ந்தபோது, மன்றச் செயலாளர் ஓடிவந்தான். டைரக்டர் ஓய்வறைக்குக் கூப்பிடுகிறாராம்.

எழுபத்தைந்து வயதிலும் மனிதர் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தார். செயலாளரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

"கத்திரி, வா வா. ஒரு உதவி. இந்த 'இரவல் முகம்' எப்படி முடியும்? ஆஸ்பத்திரியா, ரயில்வே ஸ்டேஷனா?"

"சார், நீங்க படத்தைப் பாக்கவே இல்லியா?"

"போஸ்டர் பாத்தேன். இந்தப் பசங்க கேள்வி கேப்பாங்களாமே. நீதானே முடிச்சே, சுருக்கமா சொல்லு."

நீதானே முடிச்சே. முப்பது வருஷத்தில் முதன்முறையாக அந்த வாயிலிருந்து அது வந்தது. கேட்க அந்த அறையில் வேறு ஆள் இல்லை.

"சொல்றேன் சார். நான் முடிச்சதை மட்டும் மேடையில ஒரு வார்த்தை சொல்லிடுங்க. என் பொண்ணு வந்திருக்கா."

"அட, இது ஒரு பெரிய விஷயமா? கண்டிப்பா சொல்றேன்."

அவள் சொன்னாள். முதல் ரீலிலிருந்து வரிசையாக, கூடைத் துண்டுகள் உட்பட, மச்சம் இடம் மாறுவது வரைக்கும். எப்படி மாறியது என்பதை மட்டும் விழுங்கிவிட்டாள். டைரக்டர் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்தார். எழுதி முடித்ததும் அதைத் திருப்பி வைத்தார். பின்பக்கத்தில் நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியல் இருந்தது. தயாரிப்பாளர், கேமராமேன், அவருடைய முழங்கால் டாக்டர், கார் ஓட்டுநர். பேனா மூடியைத் திருகிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அவள் பெயரை எழுதவில்லை.

"அதோட முடிஞ்சுதா?" என்றார்.

கத்திரியம்மா பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. ஆனால் அந்தக் காகிதத்தைப் பார்த்தபின் ஒன்று தானாக வாயில் வந்தது. "இல்ல சார். அதுக்கப்புறம்தான் கடைசிக் காட்சி. அந்தப் பொண்ணு கண்ணாடி முன்னாடி உக்காந்து, மச்சத்தைத் துணியால துடைப்பா. அது கையோட வந்துடும். அதைப் பாத்துக்கிட்டே இருப்பா. அங்கதான் படம் முடியுது."

அப்படி ஒரு காட்சி இல்லவே இல்லை. வெளியே இருக்கிற முந்நூறு பேரும் படத்தைத் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். மனிதர் வாயைத் திறந்த மறுவிநாடி மாட்டிக்கொள்வார், மகள் கண் முன்னாலேயே. அவள் நிம்மதியாகப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேடையில் டைரக்டர் கொடிகட்டிப் பறந்தார். கூடைத் துண்டுகளைப் பற்றி, "நடிகை நடிக்காதபோதுதான் நான் கேமராவை ஓட விடுவேன்" என்றார். கைதட்டல். மச்சம் பற்றி, "ஒரு வாரம் தூங்கல நான். இடதா வலதான்னு அதே யோசனை" என்றார். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். நன்றிப் பட்டியலைப் படித்தார். முழங்கால் டாக்டர் வரைக்கும் வந்தது. கத்திரியம்மா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மகள் ஒருமுறை திரும்பி அவளைப் பார்த்துவிட்டு மேடையைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும்விட எனக்குப் பிடிச்சது அந்தக் கடைசிக் காட்சி" என்றார் டைரக்டர். "கண்ணாடி முன்னாடி அவ மச்சத்தைத் துடைக்கிறா பாருங்க. அது கையோட வருது. அதை எடுத்தப்போ நான் அழுதுட்டேன்."

செயலாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தயங்கினான். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. அப்படி ஒரு காட்சி படத்துல இல்லையே. படம் ஜன்னலோட முடிஞ்சிடுது."

கத்திரியம்மா கைப்பையின் வாரை விட்டாள். முப்பது வருஷத்துப் பாரம் இறங்கப்போகிறது.

டைரக்டர் மூன்றாம் வரிசையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு விநாடி முகம் வெளுத்ததை அவள் நன்றாகவே கண்டாள். ஆனால் ஆயிரம் பேரைப் பயமுறுத்திப் பிழைத்த மனிதர். குரலைத் தாழ்த்தினார்.

"படத்துல இல்ல. எனக்குத் தெரியும்." கொஞ்சம் இடைவெளி விட்டார். "நான் எடுத்தேன். வெட்டிட்டாங்க."

மோவாயை அவள் பக்கம் லேசாக நீட்டினார். முந்நூறு மச்சங்களும் ஒன்றாகத் திரும்பின.

பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். "ஏன் வெட்டினீங்க?" மிகுந்த வேதனையோடு கேட்டான், சொந்த வீட்டில் களவு போனவனைப் போல.

மைக் கை மாறி அவளிடம் வந்தது. "அப்படி ஒரு காட்சி எடுக்கவே இல்ல" என்றாள் கத்திரியம்மா. "இப்பதான் உள்ள வெச்சு நான் அவர்கிட்ட கதை விட்டேன். அவர் அந்தப் படத்தைப் பாத்ததே இல்ல. முடிச்சது நான். அந்த மச்சம்கூட நான் தெரியாம மாத்தி ஒட்டினது."

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பல பேர். "மச்சம் தெரியாம ஒட்டினதாம்" என்று ஒரு குரல் கேட்டது. செயலாளர் மைக்கைப் பக்குவமாக அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டான். "அம்மாவுக்கு வயசாயிடுச்சு. நாம பெருசா எடுத்துக்க வேணாம்."

"விடுங்கப்பா" என்றார் டைரக்டர், கையை உயர்த்தி. "தெரியாம பண்ணிட்டாங்க. நான் அப்பவே மன்னிச்சுட்டேன்." அன்றைய பிற்பகலின் மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான் விழுந்தது.

வெளியே வரும்போது செயலாளர் படியிறங்கும்வரை கூடவே வந்தான். வீட்டில் பழைய பெட்டிகள் இருந்தால் தேடிப் பார்க்கச் சொன்னான், அந்தத் துண்டு கிடைத்தால் புதுப் பிரதியில் சேர்த்துவிடலாமாம். மன்றத்தின் புத்தகத்தில் அவள் பெயர் கட்டாயம் வரும் என்றும் சொன்னான். இதுவரை அதில் அவள் பெயர் வந்ததில்லை.

காரில் மகள் உடனே வண்டியை எடுக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை உருவி, கண்ணாடியைத் தன் பக்கம் சாய்த்து, கன்னத்தைத் துடைத்தாள். மச்சம் கையோடு வந்தது. கைக்குட்டையில் ஒட்டிய கறுப்பை ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்திரியம்மா மூச்சுவிடாமல் அதைப் பார்த்தாள். எவ்வளவு நல்ல காட்சி.

"ஏம்மா அந்த சீனை வெட்டினே?" என்றாள் மகள்.

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இவளுக்கு இனி எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது? போனிலிருந்தா, லேப் ஆளிலிருந்தா, உதட்டில் வைக்காத அந்தத் துண்டிலிருந்தா?

"நல்லா இல்ல" என்றாள் கத்திரியம்மா. "அதான் வெட்டினேன்."

"அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுதாக்கும்" என்று சொல்லிக்கொண்டே மகள் கண்ணாடியைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.